கோடி ரூபாய் ஏன் ஜெயித்தது?

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். டிவி உலகத்தில் அந்தக் காக்காய் பேட்டியும் கொடுக்கும். எந்த மட்டையில் உட்கார்ந்தது, எத்தனை மணிக்கு உட்கார்ந்தது, எவ்வளவு அழுத்தி உட்கார்ந்தது என்று விலாவாரியாகச் சொல்லும். அடுத்த சேனல்காரர்களும் அதைக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு வேறொரு பனைமரத்தைத் தேடிப் போவார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் 2000-ஆம் வருஷம் ஜூலை 3-ஆம் தேதி ஸ்டார் பிளஸ்ஸில் தொடங்கிய ‘கவுன் பனேகா குரோர்பதி’. பிரிட்டனில் 1998-ல் வந்த ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ நிகழ்ச்சியின் இந்தி வடிவம் அது. அப்போது ஸ்டார் பிளஸ், ஜீ டிவிக்குப் பின்னால் இருந்த சேனல். அமிதாப் பச்சனின் படங்கள் சரியாக ஓடவில்லை. அவருடைய ஏ.பி.சி.எல். கம்பெனி கடனில் மூழ்கியிருந்தது. சினிமாவில் மார்க்கெட் போனவர்தான் சின்னத்திரைக்கு வருவார் என்று பேசிய காலம் வேறு. இத்தனைக்கும் நடுவில் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி அப்படி ஓடும் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? ஓடியது. சேனலின் தலையெழுத்தும் மாறியது, அமிதாப்பின் தலையெழுத்தும் மாறியது.

ஏன் ஜெயித்தது என்பதற்கு, உருவாக்கியவர்கள் பக்கமிருந்து வந்த பிரபலமான பதில் பரிசுத் தொகை. முதலில் ‘லக்பதி’ என்ற பெயரில் லட்ச ரூபாய்க்குத்தான் திட்டமிட்டார்கள் என்றும், அதைக் கோடியாக்கச் சொன்னவர் ஸ்டாரின் முதலாளி ரூபர்ட் மர்டாக் என்றும், அப்போது ஸ்டாரில் இருந்த சமீர் நாயர் சொல்லியிருக்கிறார். இரண்டாவது பதில், எல்லோரும் எதிர்பார்க்கக்கூடியதுதான்: அமிதாப்.

இரண்டுமே பொய்யில்லை. ஆனால் இரண்டையும் உரசிப் பார்க்க வசதி இருக்கிறது, ஏனென்றால் மற்றவர்கள் அதே சமையலைச் செய்து பார்த்தார்கள்.

பணம்தான் காரணம் என்றால் பத்து மடங்கு பணத்துக்குப் பத்து மடங்கு கூட்டம் வந்திருக்க வேண்டும். அதே 2000-ல் ஜீ டிவி ‘சவால் தஸ் க்ரோர் கா’ என்று பத்துக் கோடிக்கு ஒரு நிகழ்ச்சி போட்டது. அனுபம் கெர், மனிஷா கொய்ராலா என்று இரண்டு நட்சத்திரங்கள். சில மாதங்களில் மூட்டை கட்டியாகிவிட்டது.

நட்சத்திரம்தான் காரணம் என்றால்? 2007-ல் அமிதாப் இடத்தில் ஷாருக் கான் உட்கார்ந்தார். அன்றைக்கு அவரைவிடப் பெரிய நட்சத்திரம் யார்? அமிதாப் காலத்து வரவேற்பு கிடைக்கவில்லை. 2010-ல் நிகழ்ச்சி சோனி டிவிக்குப் போனபோது அமிதாப்பே திரும்ப வந்தார். சரி, அப்படியானால் அமிதாப் இல்லாமல் நடக்காதா என்று கேட்டால், அதற்கு ஓசூர் பக்கம் வர வேண்டும்.

ஓசூர் கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். 2012 பிப்ரவரியில் விஜய் டிவியில் சூர்யா ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ தொடங்கினார். அடுத்த மாதமே சுவர்ணா சேனலில் புனித் ராஜ்குமார் ‘கன்னடத கோட்யாதிபதி’ தொடங்கினார். 2014-ல் தெலுங்கில் நாகார்ஜுனா வந்தார். ஒரே தெருவில் மூன்று வீட்டில் மூன்று ஹீரோக்கள் மூன்று மொழியில் கேள்வி கேட்கலாம், ஆனால் விளையாட்டு ஒன்றுதான். இன்றுவரை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆளும் மொழியும் பரிசும் மாறிவிட்டன. பெரிதாக மாறாதது ஒரு விதி: எந்தக் கேள்வியிலும் “போதும்” என்று சொல்லி, கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு எழுந்து போகலாம்.

அந்த விதியில்தான் விஷயமே இருக்கிறது. 2000-ஆம் வருஷத்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூர் சிப்காட்டில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அப்போது மாதம் 5,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி என்பது அவருக்கு 166 வருஷச் சம்பளம். பத்துக் கோடி 1,666 வருஷம். இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே மனசுக்குள் நிற்காது. ஆனால் ஒருவர் 6,40,000 ரூபாயில் நிற்கிறார். அடுத்த கேள்விக்கு 12,50,000. தப்பாகச் சொன்னால் 3,20,000-க்கு இறங்க வேண்டும். அதாவது சரியானால் 122 மாதச் சம்பளம் கூடும், தப்பானால் 64 மாதச் சம்பளம் போகும். இது நன்றாகவே மனசுக்குள் நிற்கும். வீட்டில் இருப்பவர்கள் “எந்திரிப்பா, போதும்” என்று கத்துவது இங்கேதான்.

ஏனென்றால் இது அவர்களுடைய சொந்தக் கேள்வி. வி.ஆர்.எஸ். பணத்தை வாங்கிக்கொண்டு போவதா, இன்னும் கொஞ்ச வருஷம் பார்ப்பதா? பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று காத்திருப்பதா, பெங்களூரில் வேறு வேலை தேடுவதா? சிப்காட் கேட்கிறது என்று நிலத்தைக் கொடுப்பதா, மாட்டேன் என்று நிற்பதா? உத்தனப்பள்ளி பக்கத்து விவசாயிகள் 2023-ல் போராட்டத்தில் உட்கார்ந்தது இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான். என்ன, அங்கே நான்கு ஆப்ஷன் கிடையாது. போன் பண்ணி நண்பரைக் கேட்கலாம், ஆனால் அவருக்கும் தெரியாது.

விதி மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. ஷாருக் நடத்தியதிலும் அதே விதிதான் இருந்தது. அந்த நாற்காலியில் தவிப்பவரை அவசரப்படுத்தாமல், கிண்டல் செய்யாமல், மரியாதையாகக் காத்திருக்க ஒருவர் வேண்டும். அமிதாப்பும் புனித்தும் அதைச் செய்தார்கள். அந்த அளவுக்கு நட்சத்திரமும் காரணம்தான். ஆனால் அது புகழ் செய்த வேலை இல்லை, பொறுமை செய்த வேலை.

தயாரித்தவர்கள் ஏன் இதைச் சொல்வதில்லை? மறைக்கிறார்கள் என்று இல்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிவது அவர்கள் எடுத்த முடிவுகள்: எவ்வளவு பணம், எந்த ஹீரோ, எத்தனை மணிக்கு. பார்ப்பவர் வீட்டுக் கூடத்தில் என்ன கணக்கு ஓடுகிறது என்பது மும்பை ஆபீசிலிருந்து தெரியாது. அதனால்தான் அடுத்தவர்கள் பேட்டியைப் படித்துவிட்டுப் பணத்தைக் கூட்டினார்கள், நட்சத்திரத்தைக் கூட்டினார்கள், கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

டிவி நிகழ்ச்சிக்கு மட்டும் இல்லை, ஜெயித்த கம்பெனி, ஜெயித்த மாணவன், ஜெயித்த அரசியல்வாதி எல்லோருடைய பேட்டிக்கும் இது பொருந்தும். காரணம் என்று எதைச் சொன்னாலும், அதையே செய்து தோற்றவர் யாராவது இருக்கிறாரா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருப்பார். அவரைத்தான் யாரும் பேட்டி எடுப்பதில்லை.