மணலுக்குள் இருப்பது பொன் மட்டுமல்ல

அச்சுவேலிக்கு வடக்கே வளலாய்க் கரை தொடங்குகின்றது. கீரிமலை முதல் பருத்தித்துறை வரையான இக்கரை பெரும்பாலும் சுண்ணக்கல்லாலானது. மணல் ஒடுங்கிய பட்டையாகவே கிடக்கின்றது. கிழக்கே மணற்காடு, குடத்தனைப் பகுதிகளிலோ மணல் குன்றுகளாகக் குவிந்துள்ளது. மணல் குறைந்த இடத்தைக் கடல் அரிக்கின்றது. நிறைந்த இடத்தை மனிதர் அள்ளுகின்றனர்.

கடலரிப்புக்குப் பரிகாரமாகக் கடலடி மணலை உறிஞ்சிக் கரையை நிரப்பும் முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகின்றது. 2020ஆம் ஆண்டு கல்கிசையிலும் அவ்வாறு செய்யப்பட்டது. பருவக்காற்று அலைகள் அம்மணலில் ஒரு பகுதியை இழுத்துச் சென்றபோது எழுந்த சர்ச்சையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இவ்விடயத்திற்கு மற்றொரு பக்கமும் உண்டு. புதிய மணல் பழைய கரையை மூடும்போது, அதிலுள்ள நாணயங்களும் பழம்பொருட்களும் எட்டாத ஆழத்திற்குச் சென்றுவிடுகின்றன. மேலை நாடுகளின் கடற்கரைப் புதையல் வேட்டையாளர்களின் நெடுநாள் முறைப்பாடு இதுவே. மறுபுறம், கடலடியிலிருந்து வரும் மணல் எதையும் கொண்டுவரலாம். 2007இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து சேர்ஃப் சிற்றியில் நிரப்பிய மணலுடன் முதலாம் உலகப் போர்க்கால வெடிபொருட்கள் கரையேறின. கடற்கரை மூடப்பட்டது, உலோகங்காணும் கருவிகளுக்கும் தடை விதிக்கப்பட்டது. மூன்று தசாப்த காலப் போரைக் கண்ட எமது கரைகளுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

எமது மணல் வெறும் கட்டடப் பொருளுமல்ல. வல்லிபுரத்தில் 1936இல் கண்டெடுக்கப்பட்ட பொன்னேட்டின் பெறுமதி அதன் பொன்னில் அல்ல, அதிலுள்ள எழுத்திலேயே தங்கியுள்ளது. அல்லைப்பிட்டிக் கரையில் 1977இல் வெளிப்பட்ட சீன மட்பாண்ட ஓடுகள் சொங் வம்ச கால வணிகத்திற்குச் சான்றாகின. தென்கரையில் 1961இல் மூழ்கிய கப்பலொன்றிலிருந்து மீட்கப்பட்ட வெள்ளி நாணயங்களில், அவை ஒளரங்கசீப் ஆட்சியில் சூரத்தில் ஹிஜ்ரி 1113இல் அச்சிடப்பட்டமை பொறிக்கப்பட்டிருந்தது. இந்து சமுத்திரத்தில் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து நடத்திய கடல் வணிகத்தின் ஏடுகள் இக்கரைகளிலேயே புதைந்துள்ளன. கிடைத்த இடமும் மண்ணடுக்கும் பதிவாகாத பொருள் வாய் பேசாது. இரவில் தோண்டுபவன் பொருளை எடுக்கின்றான், வரலாற்றை அழிக்கின்றான். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அனுமதியற்ற அகழ்வைக் குற்றமாக்கியுள்ள போதிலும், புதையல் தோண்டியோர் கைதான செய்திகள் ஓயவில்லை.

வடக்கில் இதற்கு மேலும் வேதனையான அர்த்தமுண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 1995இல் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்த தமிழரும் தமது தேட்டங்களை விட்டுச் சென்றவர்கள். இங்கு ‘புதையல்’ எனப்படுவது பல வேளைகளில் ஒரு குடும்பத்தின் இழந்த உடைமையே. 2025இல் செம்மணியில் நீதிமன்ற மேற்பார்வையில் இடம்பெற்ற அகழ்வு, மண்ணடுக்கே சாட்சியாகும் என்பதையும் உணர்த்தியது.

எனவே, வடக்கின் எந்தக் கரையிலும் மணல் அள்ளுவதற்கோ நிரப்புவதற்கோ முன்னர் தொல்பொருள் ஆய்வும் வெடிபொருள் சோதனையும் நடத்தப்படல் வேண்டும். அவற்றின் முடிவுகள் தமிழில் மக்கள் முன் வைக்கப்படவும் வேண்டும். அள்ளிய மணலை ஈடுசெய்ய வேறு மணல் கிடைக்கக்கூடும். அதனோடு போன சாட்சியத்துக்கு ஈடில்லை.