அடுப்பங்கரை ஞானோபதேசம்

பொறுமையைக் கற்பிப்பதில் கேக் வேகும் அடுப்பை விஞ்சிய ஆசிரியை இல்லை என்போம் நாங்கள். ரொட்டி மாவு பொங்கவும் காத்திருக்கத்தான் வேண்டும். கேக்கோ இன்னும் கண்டிப்பானது. நேரத்துக்கு முன் மூடியைத் திறந்தால் உள்ளே உப்பி நிற்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். இறுகாத நடுப்பகுதி அமுங்கிவிடும். பிறகு எந்தச் செபமும் அதை எழுப்பாது!

நம் நெய்வேலியில் 1957-இல் தோண்டத் தொடங்கியவர்கள் 1961-இல்தான் பழுப்பு நிலக்கரியைக் கண்டார்கள். நமக்கோ முக்கால் மணி நேரம் பெரும்பாடு.

பொறுமையையும் தன்னடக்கத்தையும் பரிசுத்த ஆவியின் கனிகளாகக் கலாத்தியருக்கு எழுதிய புனித சின்னப்பர், அவை பெண்களுக்கு மட்டும் என்று எழுதவில்லை. ஆயினும் கிறிஸ்துமஸ் கேக்குக்குக் காவலிருப்பவர்கள் நாம். வாசனை வந்ததும் மூடியைத் தூக்குகிறவர்கள் அண்ணன் தம்பிமார். இவ்வாண்டு காவலை அவர்களிடமே ஒப்படைத்துப் பார்க்கலாமே!