சுரங்கத்துப் பையன்

“கூலிக்கு மாரடிப்பவர்” என்பது நம்மவர் வழக்கிலே மிகக் கடுமையான சொல். இறந்தவர் இன்னாரென்று அறியாமலே பெற்ற காசுக்கு அழுதுவிட்டு, அடுத்த சாவீட்டை நோக்கிப் போகின்றவரைக் குறிக்க எழுந்த அச்சொல், இன்று கழகம் விட்டுக் கழகம் மாறும் தொழில்முறை உதைபந்தாட்டக்காரர் மீதும் தாராளமாக வீசப்படுகின்றது. அண்மையில் எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலே இதுபற்றி வாதமொன்று எழுந்தபோது நண்பரொருவர் இச்சொல்லையே எடுத்தாண்டார். ஆயுள் முழுவதும் ஒரே கழகத்துக்கு ஆடியவனே ஆட்டக்காரன். எட்டுக் கழகங்களின் சட்டையை மாற்றி மாற்றி அணிந்தவன் வியாபாரி என்பது அவர் கட்சி. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கொள்கை, ஒரு மனிதனின் வாழ்க்கையோடு வைத்து நோக்குமிடத்து எவ்வளவு தூரம் நிற்கும் என்று ஆராய்ந்து பார்க்கலாமென எண்ணுகின்றேன்.

எட்டுக் கழகங்களுக்கு ஆடியவர் என்று நண்பர் குறிப்பிட்டது ஸ்பெயின் நாட்டு முன்வரிசை ஆட்டக்காரர் டேவிட் வில்லாவை. தம் நாட்டுக் கோஷ்டிக்காக 98 போட்டிகளில் ஆடி 59 கோல்களை அடித்தவர். ஸ்பெயினுக்காக அதிக கோல் அடித்தவர் என்ற பெருமை இன்றும் அவரையே சார்ந்தது. ஐரோப்பா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா, யப்பான் என்று நான்கு திசைகளிலும் அவர் பந்தைத் துரத்தியிருக்கின்றார்.

ஸ்பெயினின் வடகரையிலே அஸ்தூரியாஸ் என்றொரு மலைநாடு உண்டு. நாம் படங்களிற் காணும் வெயிலும் திராட்சைத் தோட்டமும் நிறைந்த ஸ்பெயின் அன்று அது. மழையும் மூடுபனியும் நிலக்கரியும் நிறைந்த நாடு. அங்கே லங்கிரேயோப் பகுதியைச் சேர்ந்த துயீயா என்னும் சிற்றூரில், 1981ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி, சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் வில்லா. அவரை அவர் நாட்டார் அழைக்கும் செல்லப்பெயர் ‘குவாஹே’. அஸ்தூரியர் பேச்சிலே அதற்குப் பையன் என்று பொருள். ஆயினும் அச்சொல்லுக்குச் சுரங்கத்தின் உள்ளே மற்றொரு பொருளும் உண்டு: நிலக்கரி வெட்டுகின்றவனுக்கு எடுபிடியாக நின்று தொழில் பழகும் பையனே அங்கே ‘குவாஹே’. உலகப் புகழ் பெற்ற பின்னரும் அவரோடு ஒட்டிநின்ற பெயர் இதுவே.

நான்கு வயதில் அச்சிறுவனின் வலது தொடை எலும்பு முறிந்தது. கால் முழுவதும் மாவுக்கட்டு. இனி இவன் ஓடி விளையாடுவானோ என்று பெற்றோர் அஞ்சவேண்டிய வேளை. தந்தையோ வேறொன்று செய்தார். வலது கால் கட்டிலே கிடந்தாலும் இடது கால் சும்மாதானே இருக்கின்றது என்று எண்ணி, பந்தை மகனின் இடப்பக்கம் எறிந்து, எறிந்து, அக்காலாலேயே திருப்பி உதைக்கப் பழக்கினார். நிலத்தடியிலே நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்த ஒருவர், களைத்த உடம்போடு, கட்டுப் போட்ட பிள்ளைக்குப் பந்தெறிந்து கொண்டிருந்த காட்சியைச் சற்றே மனக்கண்ணிற் காணுங்கள். வலது காலர், இடது காலர் என்று ஆட்டக்காரரைப் பிரித்துப் பேசுவது வழக்கம். வில்லாவை அவ்வாறு பிரித்துச் சொல்லுதல் அரிது. இரண்டு காலாலும் ஒரே தன்மையாக அடிக்கவல்லவர் என்று எதிர்க்கோஷ்டியினர் அஞ்சியதற்கு மூலகாரணம் அந்த மாவுக்கட்டே.

அந்நாட்டுச் சுரங்கங்கள் எத்தகையன என்பதையும் கூறாமல் அப்பாற் செல்லலாகாது. 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி, லங்கிரேயோவை அடுத்த மியேரெஸ் பகுதியிலே ஒரு சுரங்கத்தில் வாயு வெடித்து 14 பேர் மாண்டனர். அப்போது வில்லாவுக்கு வயது 13. காலையில் வேலைக்குப் போன தந்தை மாலையில் திரும்பி வருவது நிச்சயமில்லாத வீடுகளிலே வளர்ந்த பிள்ளைகளுக்கு, வேலை என்பதும் கூலி என்பதும் நாம் மேசையிலிருந்து பேசும் பொருள்கள் அல்ல.

இனிக் கழகங்களின் கதைக்கு வருவோம். அவரை முதலில் வளர்த்தது அஸ்தூரியாஸின் துறைமுக நகரான கிஹோனின் ஸ்போர்ட்டிங் கழகம். இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அக்கழகத்துக்கு 80 லீக் ஆட்டங்களிலே 38 கோல்கள் அடித்துக் கொடுத்தார். கழகத்துக்கோ பணமுடை. 2003ஆம் ஆண்டு ஏறத்தாழ 30 இலட்சம் யூரோவுக்கு அவரைச் சரகோசாக் கழகத்துக்கு விற்றது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் பார்சிலோனா நகரில் நடைபெற்ற அரசர் கிண்ண இறுதியாட்டத்தில், சிடானும் பெக்காமும் அடங்கிய ரியல் மட்ரிட் கோஷ்டியைச் சரகோசா 3–2 என்று வீழ்த்தியது. தண்டனை உதை மூலம் ஒரு கோல் வில்லா அடித்தது.

2005இல் 120 இலட்சம் யூரோவுக்கு வலன்சியாக் கழகம் அவரை வாங்கியது. அங்கே அவர் ஐந்து ஆண்டுகள் ஆடினார். 166 லீக் ஆட்டங்களில் 107 கோல்கள் அடித்தார். அவருடைய வாழ்விலே பொன்னான காலம் இதுவென்று துணிந்து கூறலாம். நண்பரின் ‘வியாபாரி’ வாதத்துக்கு மறுமொழி கிடைப்பதும் இவ்விடத்திலேதான். அக்கழகத்தார் ஆடம்பரமான புதிய விளையாட்டரங்கொன்றைக் கட்ட 2007இல் தொடங்கினர். பழைய மைதானத்தின் நிலத்தை விற்றுச் செலவை ஈடுசெய்யலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஸ்பெயினில் நிலவிலையும் வீட்டு விலையும் சரிந்தன, கணக்கும் சரிந்தது. 2009இல் வேலை நின்றது. வெறும் கொங்கிறீற்று எலும்புக்கூடாக நின்ற அவ்வரங்கின் வேலை மீண்டும் தொடங்க 2025ஆம் ஆண்டு வரை செல்லலாயிற்று. இடையிலே ஆட்டக்காரரின் சம்பளத்தைக் கூட உரிய காலத்திற் கொடுக்க முடியாத நிலையும் ஏற்பட்டது. கடன்காரர் வாசலிலே நிற்கும்போது வீட்டிலுள்ள நகையை விற்பது போல, 2010இல் வில்லாவைப் பார்சிலோனாவுக்கும் டேவிட் சில்வாவை மன்செஸ்டர் சிற்றிக்கும் விற்றார்கள். வில்லாவின் விலை 4 கோடி யூரோ. இதிலே ஊர் மாறிய ஆட்டக்காரன் துரோகியா, கூலி பேசி ஆளை விற்ற கணக்குப்பிள்ளை துரோகியா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். நண்பரிடம் இதனைக் கேட்டேன். அவர் தேநீரை அருந்திவிட்டு மணியடித்து விட்டது என்றார்.

அந்த ஆண்டுதான் தென்னாபிரிக்காவில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. முதல் ஆட்டத்தில் சுவிற்சர்லாந்திடம் ஸ்பெயின் தோற்றது. அடுத்து ஹொண்டூராஸுக்கு எதிராக வில்லா இரண்டு கோல்கள் அடித்தார். கிடைத்த தண்டனை உதையை வெளியே அடித்து மூன்றாவதை இழந்தார். சிலிக்கு எதிராக நடந்ததையே யான் விசேடமாகக் குறிப்பிட விரும்புவேன். கோல் காவலர் தம் எல்லையை விட்டு வெகுதூரம் ஓடிவந்து பந்தை அகற்றினார். அது இடப்புறத்தில் நின்ற வில்லாவிடம் வந்தது. நிறுத்தாமல், நிமிர்ந்து பாராமல், ஏறத்தாழ நாற்பது யார் தொலைவிலிருந்து வெறும் வலையினுள் அதனைச் செலுத்தினார். செலுத்தியது இடது கால். போர்த்துக்கலுக்கு எதிரான ஆட்டத்திலோ முதலில் இடது காலால் அடித்தார், காவலர் தடுத்தார், திரும்பி வந்த பந்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் வலது காலால் மேலே தூக்கி வலைக்குள் இட்டார். அடுத்த ஆட்டத்தில் பரகுவேக்கு எதிராக அவர் அடித்த பந்து ஒரு கம்பத்திற் பட்டு, மறு கம்பத்திற் பட்டு, பின்னரே உள்ளே சென்றது. ஸ்பெயின் முதன்முறையாக உலகக் கிண்ணத்தை வென்ற அத்தொடரில் அந்நாட்டார் அடித்த கோல்கள் எட்டே எட்டு. அவற்றுள் ஐந்து வில்லாவுடையவை.

பார்சிலோனாவில் அவருக்குக் கிடைத்த இடம் நடுவிடம் அன்று. நடுவிலே மெசி ஆடினார். அவருக்கு வழிவிட்டு வில்லா இடது ஓரத்தில் ஓடவேண்டியதாயிற்று. தம் நாட்டிலே கோல் அடிப்பதில் முதல்வனாகிய ஒருவன், பிறனொருவன் அடிப்பதற்காகத் தன் இடத்தை விட்டு ஓரத்தில் நிற்பது இலேசான காரியமன்று. இதைத்தான் ‘குவாஹே’ என்னும் பெயரின் முழுப்பொருள் என்று கருதுகின்றேன். வெட்டுகின்றவன் வேறொருவன், பக்கத்தில் நிற்பவன் இவன். அப்படியிருந்தும் 2011 மே 28ஆம் திகதி இலண்டன் வெம்பிளி அரங்கில், மன்செஸ்டர் யுனைற்றெட் கோஷ்டிக்கு எதிரான ஐரோப்பியக் கழகங்களின் இறுதியாட்டத்தில் மூன்றாவது கோலை வளைத்தடித்து வெற்றியை உறுதிசெய்தவர் அவரே. அதே ஆண்டு மார்ச் மாதம் கிரனாடாவில் செக் நாட்டினருக்கு எதிராக ராவுலின் 44 கோல் சாதனையையும் கடந்திருந்தார்.

டிசம்பர் 15ஆம் திகதி யப்பானின் யொக்கோஹாமா நகரிலே, உலகக் கழகக் கிண்ண அரையிறுதியில், தரையில் ஊன்றிய இடது கால் மடிந்து கணைக்கால் எலும்பு முறிந்தது. தந்தை பழக்கிய கால் அது. அப்போது அவருக்கு வயது முப்பது. ஸ்பெயின் மீண்டும் வாகை சூடிய 2012 ஐரோப்பியக் கிண்ணத்தில் அவர் ஆடவில்லை. 2008ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்திலும் நான்கு கோல்கள் அடித்து முதல்வராக நின்றவர், அரையிறுதியிற் காயமுற்று, இறுதியாட்டத்தை வெளியிலிருந்தே பார்க்க நேர்ந்தது என்பதையும் இவ்விடத்தில் நினைவு கூரலாம்.

காயம் ஆறித் திரும்பியவருக்குப் பார்சிலோனாவில் பழைய இடம் இல்லை. 4 கோடிக்கு வாங்கியவரை 2013இல் அதிகம் போனால் 51 இலட்சம் யூரோ என்ற பேச்சில் அத்லெத்திக்கோ மட்ரிட் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சந்தையிலே மனிதனின் விலை இவ்வளவு வேகமாக இறங்குவதைக் காணும்போது யார் யாருக்கு நன்றியுடையவராக இருக்கவேண்டும் என்ற கேள்வி மறுபடியும் எழுகின்றது. அத்லெத்திக்கோ 1996க்குப் பின் முதன்முறையாக, பார்சிலோனாவையும் ரியல் மட்ரிட்டையும் பின்தள்ளி, 2014இல் லீக் வாகையாயிற்று. வில்லாவின் பங்கு 13 கோல்கள்.

அந்த ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஸ்பெயின் முதற் சுற்றிலேயே வெளியேறியது. ஏற்கெனவே தோற்றுப்போன கோஷ்டியின் கடைசி ஆட்டம், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக, குரிற்றிபா நகரில். வில்லா குதிக்காலால் ஒரு கோல் அடித்தார். இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே பயிற்சியாளர் அவரை வெளியே அழைத்தார். ஆட்டம் முடியும் வரை நிற்க விரும்பியிருந்த அவர், வாங்கில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெற்றியால் எதுவும் கிட்டாத ஓர் ஆட்டத்தில் இன்னும் அரைமணி நேரம் ஓடவேண்டும் என்பதற்காக அழுதவரையா கூலிக்கு மாரடிப்பவர் என்பது?

பின்னர் அவர் நியூயோர்க் சென்றது பணத்தை எண்ணாமல் என்று சொல்ல யான் வரவில்லை. புதிதாய்த் தொடங்கிய நியூயோர்க் சிற்றிக் கழகம் முதன்முதலிற் சேர்த்துக்கொண்ட ஆட்டக்காரர் அவர். அக்கழகத்தின் ஆட்டங்கள் தொடங்குமுன் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் சிற்றிக்கு நான்கு ஆட்டங்கள் ஆடினார். நியூயோர்க்கில் சொந்த மைதானம் இல்லாமையால், பேஸ்போல் ஆட்டத்துக்கென்று அமைந்த யாங்கி அரங்கிலே ஆடவேண்டியிருந்தது. ஓய்வுக்கால உல்லாசமாகக் கருதி அங்கு செல்லும் முதிய நட்சத்திரங்கள் உண்டு. இவர் 124 ஆட்டங்களில் 80 கோல்கள் அடித்து, 2016இல் அந்நாட்டு லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். அதன் பயனாக, மூன்றாண்டுகளுக்குப் பின், 35ஆவது வயதில் ஸ்பெயின் மீண்டும் அழைத்தது. 2017 செப்டெம்பர் 2ஆம் திகதி மட்ரிட்டில் இத்தாலிக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் களமிறங்கியபோது, அரங்கம் முழுவதும் அவர் பெயரைச் சொல்லி ஆரவாரித்தது. அது அவர் ஒருபோதும் ஆடியிராத ரியல் மட்ரிட் கழகத்தின் அரங்கு.

அஸ்தூரியாஸின் சுரங்கங்களிற் பெரும்பாலானவை 2018ஆம் ஆண்டின் முடிவோடு மூடப்பட்டன. அதே டிசம்பரில் வில்லா யப்பானின் விசெல் கோபேக் கழகத்திற் சேர்வதாக அறிவித்தார். எலும்பு முறிந்த நாட்டுக்கே மறுபடியும் சென்று ஒரு பருவம் ஆடி, 13 லீக் கோல்கள் அடித்தார். 2020ஆம் ஆண்டு புதுவருட தினத்தன்று ரோக்கியோவின் புதிய தேசிய அரங்கிலே பேரரசர் கிண்ண இறுதியாட்டம். கஷிமாக் கழகத்தை 2–0 என்று வென்று, கோபே தன் வரலாற்றிலே முதலாவது பெருங் கிண்ணத்தைப் பெற்றது. ஓய்வுபெறப் போவதை முன்னரே அறிவித்திருந்த வில்லா, ஆட்டம் முடியச் சற்று முன்னர் பதிலாட்டக்காரராக உள்ளே வந்தார். அவருக்கு அப்போது வயது 38.