'ட' வடிவ வரவேற்பறையும் பெங்சூயியும்

கொழும்பில் நேர்ச்சதுரமான வரவேற்பறையுடன் ஒரு தொடர்மாடி வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது. காணித்துண்டு எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே கட்டடமும் எழுகிறது. தூண்களும் மின்தூக்கியும் மாடிப்படிகளும் தமக்குரிய இடத்தை எடுத்துக்கொண்ட பின்னர் எஞ்சுவதே வரவேற்பறை. வெள்ளவத்தையில் நான் சென்று வந்த வீடுகள் பலவற்றில் அது 'ட' என்ற எழுத்தின் வடிவத்தில் இருக்கிறது. ஒரு முனையில் வாசல், மறுமுனையில் சாப்பாட்டு மேசை. இரண்டும் சந்திக்கும் மூலையில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை.

இத்தகைய அறையில் கதிரைகளை எங்கே போடுவது என்பதை ஒரு காலத்தில் வீட்டிலிருப்போரே தீர்மானித்தனர். இன்று பல வீடுகளில் அதனைப் பெங்சூயி தீர்மானிக்கிறது. மலேசியாவின் லிலியன் டூ போன்றோர் 1990களில் ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் வாயிலாகச் சீனர் அல்லாதோரின் வீடுகளுக்குள்ளும் அது பரவலாக நுழைந்தது. மூன்று கால் தவளையும் சிரிக்கும் புத்தரும் எமது சாமிப் படங்களுக்கு அருகிலேயே இடம்பிடித்துவிட்டன.

வீட்டின் வரைபடத்தின் மீது ஒன்பது கட்டங்களைப் பரப்பி, செல்வம், உறவு, தொழில் என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பலன் சொல்வது இதில் ஒரு முறை. 'ட' வடிவ அறையில் சில கட்டங்கள் சுவருக்கு வெளியே விழுந்துவிடும். அந்த 'இழந்த மூலை'க்குப் பரிகாரமாகக் கண்ணாடி, விளக்கு, செடி ஆகியவற்றை வைக்கச் சொல்வார்கள். அறைக்குள் துருத்தி நிற்கும் சுவர் விளிம்பு 'நச்சு அம்பு' எனப்படும். அதனை ஒரு செடியால் மறைக்க வேண்டுமாம்.

நண்பர் ஒருவர் இந்த ஆலோசனைகளை முறைப்படி நிறைவேற்றினார். யன்னலோரம் செல்வத்திற்குரிய மூலை என்று கூறப்பட்டதால், அங்கே சிறியதொரு நீரூற்று வைக்கப்பட்டது. அதுவரை அந்த இடத்திலிருந்த அவருடைய தந்தையாரின் சாய்மனைக் கதிரை 'ட'வின் இருண்ட மூலைக்குச் சென்றது. எண்பது வயதைத் தாண்டிய அப்பெரியவர் அதன் பின்னர் வரவேற்பறைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். அங்கிருந்து அவருக்கு வீதியும் தெரியவில்லை, வருவோர் போவோரும் தெரியவில்லை.

பெங்சூயியை முற்றாக மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எனது நோக்கமன்று. அச்சொல்லின் பொருளே 'காற்று, நீர்' என்பதாகும். குவோ பூ (276-324) இயற்றியதாகக் கருதப்படும் அடக்க நூல், இறந்தோரைப் புதைப்பதற்கு ஏற்ற நிலத்தைத் தெரிவு செய்வது பற்றியது. காற்றில் சிதறுவதும் நீரால் தடுத்து நிறுத்தப்படுவதுமான உயிர்ச்சக்தியைப் பற்றி அந்நூல் பேசுகிறது. பின்னால் மலையும் முன்னால் நீரும் இருக்கத் தெற்கு நோக்கி வீடு அமைய வேண்டும் என்ற விதி, வட சீனாவின் குளிருக்கு மிகவும் பொருத்தமானது. பனிக்காலக் காற்று வடக்கிலிருந்து வருகிறது. வெயில் தெற்கிலிருந்து விழுகிறது. பீஜிங்கின் அரண்மனை நகருக்கு வடக்கே நிற்கும் ஜிங்ஷான் குன்று, அகழி வெட்டிய மண்ணைக் கொட்டி மனிதர் எழுப்பியதே.

ஆனால் கொழும்பு பீஜிங் அன்று. இங்கே ஏப்ரல் மாதத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. பின்னேர வெயில் மேற்கே கடற்பக்கமிருந்து சுடுகிறது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குக் காற்றும், அதன் பின்னர் வாடைக் காற்றும் வீசுகின்றன. சோழகம், கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்த சமூகம் எம்முடையது. அந்தக் காற்றுகளை மறந்துவிட்டு வட சீனத்துக் காற்றுக்கு எழுதப்பட்ட விதியை எமது யன்னலில் பொருத்துவது என்ன நியாயம்?

அந்த விதிகளும் தமக்குள் ஒத்துப்போவதில்லை. திசைகாட்டியைக் கொண்டு பார்ப்போருக்குச் செல்வத்தின் மூலை தென்கிழக்கு. லின் யுன் 1980களில் அமெரிக்காவில் பரப்பிய கறுப்புத் தொப்பி மரபினரோ வாசலிலிருந்து கணக்கிடுகின்றனர். அவர்களுக்கு உள்ளே நுழைபவரின் இடப்புறத்துக் கடைசி மூலையே செல்வத்திற்குரியது. வாசல் தெற்குச் சுவரில் இருந்தால் அது வடமேற்கு மூலையாகிவிடும். ஒரே அறையில் நேரெதிரான இரு மூலைகள்! எமது மனையடி சாத்திரமோ தென்கிழக்கை அக்கினி மூலை என்கிறது. மூவரையும் ஒருங்கே திருப்திப்படுத்த விரும்புபவர் நீரூற்றை அடுப்பின் மீதுதான் வைக்க வேண்டும்.

இது ஒருபுறமிருக்க, ஆபத்தான விடயம் ஒன்றும் உண்டு. 'அதிர்ஷ்ட மூங்கில்' என்று கண்ணாடிக் குவளை நீரில் வைக்கப்படும் செடி மூங்கிலே அன்று. அது மத்திய ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட டிரசீனா இனத்தைச் சேர்ந்தது. 2001இல் சீனாவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்திற்கு நீரில் வைத்து அனுப்பப்பட்ட இச்செடிகளுடன் ஆசியப் புலி நுளம்பும் வந்திறங்கியது. டெங்குவைப் பரப்பும் நுளம்புகளில் அதுவும் ஒன்று. இலங்கையில் 2017இல் மாத்திரம் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். வாரம் ஒருமுறையேனும் நீரை மாற்றிக் குவளையைத் தேய்த்துக் கழுவாத வீட்டில் அதிர்ஷ்ட மூங்கில் எதனை வளர்க்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் நின்றால் நீரூற்றும் தேங்கிய நீர்தான். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததை நாம் மறந்துவிடவில்லை. மின்விசிறி நின்ற அந்நாட்களில் யன்னலோரக் கதிரையே வீட்டின் உண்மையான செல்வ மூலையாக இருந்தது.

அப்படியாயின் பெங்சூயியிடம் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லையா? நிச்சயமாக உண்டு. உட்காருபவரின் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும், வாசல் அவர் கண்ணில் படட்டும் என்பது நல்ல யோசனை. துருத்தும் விளிம்பின் முன்னால் செடி வைத்தால் பிள்ளைகள் அதில் மோதிக்கொள்ள மாட்டார்கள். இருண்ட மூலைக்கு விளக்கு வேண்டும் என்பதற்குச் சாத்திரமே தேவையில்லை. யன்னலுக்கு எதிரே தொங்கும் கண்ணாடி வெளிச்சத்தை அறைக்குள் திருப்பிவிடும். 'ட' வடிவ அறையை ஒன்றாகப் பாராமல் இரு நீள்சதுரங்களாகப் பாருங்கள். காற்று வரும் பகுதி உட்காருவதற்கு. மற்றது சாப்பாட்டு மேசைக்கு. புத்தக அலுமாரியும் தொலைக்காட்சிப் பெட்டியும் இருண்ட மூலைக்குப் போகட்டும். அவற்றுக்குக் காற்றும் வேண்டாம், வீதியும் வேண்டாம்.

ஆகவே எனது தாழ்மையான ஆலோசனை இதுதான். கதிரையை நகர்த்துவதற்கு முன்னர், பின்னேரம் மூன்று மணிக்கு அறையின் ஒவ்வொரு மூலையிலும் சிறிது நேரம் அமர்ந்து பாருங்கள். எங்கே வியர்க்கிறது, எங்கே காற்று தொடுகிறது என்பதை உடம்பே சொல்லிவிடும். அவ்வாறு கண்டறிந்த மிகச் சிறந்த இடத்தில், நாள் முழுவதும் வீட்டிலேயே இருப்பவரை முதலில் இருத்துங்கள். பெரும்பாலான வீடுகளில் அவர் வயதில் மூத்தவராகவே இருப்பார். தவளைக்கும் நீரூற்றுக்கும் அதற்குப் பின்னர் இடம் தேடிக்கொள்ளலாம்.