லட்சக்கணக்கு இருக்கட்டும், எத்தனை அங்குலம்?

"ஏரியில் இத்தனை லட்சம் மீன்குஞ்சு விட்டோம்" என்று போட்டோவோடு செய்தி போடுகிறார்கள். குஞ்சின் அளவை யாராவது சொல்கிறார்களா?

1957-லேயே ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரி ஊசி போட்டு கெண்டையை முட்டையிட வைத்துவிட்டார்கள். இன்று பொரிக்க வைப்பது வித்தையில்லை, பிழைக்க வைப்பதுதான் வித்தை!

பொரித்து 3 நாளான கட்லா, ரோகு குஞ்சு கொசுப்புழு அளவுதான். நாற்றங்கால் குளத்தில் 15-20 நாள் வளர்த்தால் 1 அங்குலம். இன்னும் 2-3 மாதம் வளர்த்தால் விரல் நீளம், சுமார் 4 அங்குலம். விரால் திரியும் ஏரியில் 1 அங்குலக் குஞ்சைக் கொட்டுவது மீன் வளர்ப்பா, விராலுக்கு விருந்தா?

பெரிய குஞ்சுக்குக் குளம், தீவனம், செலவு எல்லாம் கூடும். கூடட்டுமே! வலையில் விழாத லட்சம் யாருக்குச் சோறு போடும்? குஞ்சு வாங்குகிற மக்களே, எண்ணுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்.