சமன் என்று எதைச் சொல்கிறோம்?

சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளிகளில் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக மாணவர்கள் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பெயர்களால் பிரிக்கப்பட்டு வந்தனர். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவினை கைவிடப்பட்டது. வெவ்வேறு மதிப்பெண் பெற்றவர்கள் இப்போது ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். பாடந்தோறும் அவரவர்க்கு ஏற்ற நிலையில் பயில்கிறார்கள். வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் பிரிப்பது எளிது. மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழாக மூன்றாக வெட்டினால் போதும். கலப்பதுதான் கடினம்.

எந்த ஊர்ப் பள்ளிக்கும் இக்கடினம் பொதுவானது. 120 பேரை நாற்பது நாற்பதாக அ, ஆ, இ என மூன்று பிரிவுகளில் அமர்த்துவதற்கான வழிகளின் எண்ணிக்கை 56 இலக்கங்கள் கொண்டது. ஆகவே இவ்வேலைக்கென்றே மென்பொருள்கள் வந்துள்ளன. அவை இயங்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். மீறவே கூடாத விதிகள் சில. மீறினால் தண்டனைப் புள்ளி பெறும் விருப்பங்கள் பல. கணினி இரு மாணவர்களை இடம் மாற்றிப் பார்க்கிறது. புள்ளி குறைந்தால் அம்மாற்றத்தை வைத்துக்கொள்கிறது. இதை ஆயிரக்கணக்கான முறை செய்து ஒரு பட்டியலைத் தருகிறது.

எந்த விருப்பத்துக்கு எத்தனை புள்ளி என்பதைக் கணினி அறியாது. அதை ஒருவர் உள்ளிட்டாக வேண்டும். மதிப்பெண் சராசரிக்குப் பத்தும், 'தெரிந்த தோழர் ஒருவராவது உடனிருக்க வேண்டும்' என்பதற்கு ஒன்றும் இட்டால், சராசரியின் சிறு பிசகைச் சரிசெய்வதற்காக ஒரு குழந்தை முகமறியாதவர் நடுவே ஓராண்டு தனித்திருக்க நேரும். அந்த ஒன்றையும் பத்தையும் இட்டவர் யார்? பல இடங்களில் அலுவலகக் கணினிப் பணியாளராக இருக்கலாம். மென்பொருளை விற்றவர் முன்கூட்டியே வைத்த எண்ணாகவும் இருக்கலாம். ஆசிரியர் செய்திருக்க வேண்டிய அறத்தேர்வு அங்கே யாருடையதும் அல்லாமல் போகிறது.

சராசரியே ஒரு மாயம். ஒரு வகுப்பில் நாற்பது பேரும் 60 மதிப்பெண். இன்னொன்றில் இருபது பேர் 95, இருபது பேர் 25. இரண்டின் சராசரியும் 60 தான். திரையில் இரண்டும் சமன் என்றே தோன்றும். பாடம் நடத்தப் போகிறவருக்கு அவை இரு வேறு உலகங்கள்.

இதனினும் என்னை உறுத்துவது 'நடத்தை' என்ற கட்டம். சென்ற ஆண்டு வகுப்பாசிரியர் ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண் இடுகிறார். 'அடங்காதவர்கள்' எல்லாரும் ஒரே வகுப்பில் குவியாதிருக்க அது உதவும், உண்மைதான். ஆனால் பன்னிரண்டு வயதில் ஒருவர் எரிச்சலில் இட்ட எண், பையன் மாறிய பிறகும் மாறாமல் கோப்பில் நிற்கும். புதிய ஆசிரியர் அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணைப் பார்ப்பார்.

கணினிக்குப் பாரபட்சமில்லை, செல்வாக்குள்ள பெற்றோரின் நெருக்கடியிலிருந்து அது தலைமையாசிரியரைக் காக்கும் என்பர் சிலர். அதை நான் மறுக்கவில்லை. துலாக்கோல் பொய் சொல்லாது. எடைக்கற்களைத் தேர்ந்தவர்தாம் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே என் தரப்பு இது. விருப்பங்களின் புள்ளிகளை ஆசிரியர் கூட்டத்தில் விவாதித்து முடிவு செய்ய வேண்டும். அவற்றை எழுதிவைத்துப் பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும். சராசரியோடு மதிப்பெண்களின் பரவலையும் ஒப்பிட வேண்டும். நடத்தை எண்ணைப் பிரிவுகள் முடிவானதும் அழித்துவிட வேண்டும். கணினி தரும் பட்டியலை, அக்குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒருவர் கடைசியாக வாசிக்க வேண்டும். ஓராண்டு முழுதும் யார் அருகில் யார் அமர்வது என்பது சிறிய விஷயமன்று. நம்மில் பலருக்கும் வாழ்நாள் நட்புகள் வாய்த்தது பெஞ்சில் பக்கத்து இடத்தில்தான்.