பரணில் உறங்கும் மடிக்கணினி

தமிழ்நாட்டரசு 2011 செத்தம்பர் 15-ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், பல்லாண்டுகள் தொடர்ந்து, 50 இலக்கத்திற்கும் மேற்பட்ட கணினிகள் நம் பிள்ளைகளின் கைகளுக்கு வந்தன. அவற்றுள் இன்று எத்தனை இயங்குகின்றன? செங்கழுநீர்ப்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடல்மல்லை வரை, எந்தச் சிற்றூரிலேனும் ஒரு தெருவிற்குள் நுழைந்து கேட்டுப் பாருங்கள். "இருக்கிறது ஐயா, பரண்மேல் கிடக்கிறது, வன்தட்டுப் போய்விட்டதாம்" என்பார்கள். பழுது பார்ப்பவரோ, இதற்குச் செலவிடுவதைவிடப் புதியதொன்றை வாங்கிவிடலாம் என்று கூறி அனுப்பியிருப்பார்.

குதிர் உடைந்ததற்காக வீட்டையே இடித்துவிடுவார் உண்டோ? வன்தட்டு என்பது கணினியின் குதிர். பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் அது மணித்துளிக்கு 5,400 முறை சுழலும் தட்டு. அதன்மேல் மயிரிழையினும் குறைந்த இடைவெளியில் படிக்கும் முனை ஊர்கிறது. பையோடு கீழே போட்டால் முதலில் கெடுவது அதுவே. கடலோரத்து உப்புக்காற்றில் இணைப்புமுனைகள் களிம்பேறியும் வன்தட்டுப் போனதுபோல் தோன்றுவதுண்டு. கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்திய அளவிலேயே சில கணினிகள் எழுந்துவிடும். எழாவிடினும் என்ன? செயலகமும் நினைவகமும் திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருக்கின்றன அல்லவா?

இங்கேதான் இலினக்சு நமக்குக் கைகொடுக்கிறது. 1983-இல் அமெரிக்கரான இரிச்சர்டு இசுட்டால்மன் தொடங்கிய குனு முயற்சியும், 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்டு எழுதிய கருவும் சேர்ந்து உருவான கட்டற்ற இயங்குதளம் அது. எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். கடைக்காரர் பென் டிரைவ் என்று கூறும் விரலி ஒன்றில் அதனைப் பதிந்து செருகி, எஃப்-12 போன்ற தொடக்க விசையை அழுத்தினால், வன்தட்டே இல்லாத கணினியும் இயங்கும். பப்பி இலினக்சு என்னும் சிறுவகை முழுவதுமாக நினைவகத்திலேயே ஏறிக்கொள்ளும். நிலையாகப் பயன்படுத்த விரும்புவோர், பழைய வன்தட்டின் இடத்திலேயே இரண்டரை அங்குல எசு.எசு.டி. ஒன்றைப் பொருத்தலாம். அதற்காகும் செலவு புதுக்கணினி விலையில் ஒரு சிறு பங்கே.

பழைய தட்டில் குடும்பப் படங்களோ சான்றிதழ்ப் படிகளோ இருந்து, 'டக் டக்' என்னும் ஓசையும் கேட்குமாயின், உடனே நிறுத்திவிடுக. மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது எஞ்சியதையும் அழித்துவிடும். விரலிவழி இயக்கி, டிடி-இரெசுக்யூ என்னும் கருவியால் வேறொரு தட்டிற்குப் படியெடுத்த பின்னரே மற்றவை. 2 கிகாபைட்டு நினைவகமே உள்ள கணினிக்கு எக்சுஎஃப்சிஇ, எல்எக்சுகியூடி போன்ற எளிய திரைச்சூழலே ஏற்றது. இணையப் பக்கங்களைப் பத்தும் இருபதுமாகத் திறந்தால் அது திணறத்தான் செய்யும். எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் போதும்.

ஒன்றை எண்ணி வருந்தாமல் இருக்க முடியவில்லை. அரசு வழங்கிய அக்கணினிகள் பலவற்றில் விண்டோசோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாசு என்னும் இலினக்சும் இரட்டையாக இடப்பெற்றே வந்தது. அதனைத் திறந்து காட்டிய பள்ளிகள் எத்தனை? விண்டோசு 7-ஐ மைக்ரோசாப்டு நிறுவனம் 2020 சனவரி 14-உடன் கைவிட்டது. விண்டோசு 10-ஐயும் 2025 அத்தோபர் 14-உடன் பொதுநிலையில் கைவிட்டது. குடிக்கூலி வீட்டில் இருப்பவன் உடையவன் சொல்லும் நாளில் வெளியேறத்தானே வேண்டும்?

மொழியளவிலும் இவ்வேறுபாடு பெரிது. விண்டோசின் திரையில் ஒரு சொல் பிழையாக இருந்தால் நாம் வேண்டுகோள் விடுத்துக் காத்திருக்கலாம், அவ்வளவே. இலினக்சிலோ அச்சொல்லை நாமே திருத்தி அனுப்பலாம். 1999-இல் சென்னை மாநாட்டையொட்டி வகுத்த தமிழ் 99 விசைப்பலகையையும் அதில் அமைத்துக்கொள்ள முடியும். ஆயினும் திரைச்சொற்களுள் இன்னும் தமிழாக்கப்படாதவை மிகப்பல. 'கம்ப்யூட்டர் என்னாதீர்' என்று மேடையில் முழங்கும் நம்மவருள், அத்தமிழாக்கப் பணியில் ஒரு மாலைப்பொழுதையேனும் செலவிட்டோர் யாவர்? அப்பணியைப் பெரிதும் சுமந்துவருவோர் ஆரவாரமில்லா இளைஞர் சிலரே.

கற்க விரும்புவோர்க்கு வழி இல்லாமலில்லை. 2012 சனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், எளிய தமிழில் இலினக்சு நூல்களை விலையின்றி வழங்குகிறது. காஞ்சி இலினக்சுப் பயனர் குழுவினர் ஞாயிறுதோறும் இணையவழிக் கூடிப் பேசிவருகின்றனர். நம் பகுதித் தமிழாசிரியர்கள் பள்ளிக்கு ஒரு விரலியை ஆயத்தமாக வைத்திருப்பின், விடுமுறையில் ஊர்க் கணினிகள் அத்தனையையும் அவ்வொன்றாலேயே ஆய்ந்துவிடலாம். மின்கலம் செத்திருப்பினும் அஞ்ச வேண்டா. பெரும்பாலானவை மின்னேற்றியை மாட்டியபடியே இயங்கும். ஆனால் வீங்கிப் புடைத்த மின்கலத்தை மட்டும் முதலிலேயே கழற்றி அகற்றிவிடுதல் வேண்டும். அதனைக் குத்தவோ நெருப்பருகே வைக்கவோ கூடாது.